அம்மாவின் தலையசைப்பு

ராட்டையில் பட்டுநூல் சுற்றும்போது அம்மாவின் கைகள் ஓயா. எதிரே ஒரு நாவல் விரிந்திருக்கும். பக்கம் முடிந்ததும் தலையை அசைப்பாள், நான் திருப்புவேன். திருப்பித் திருப்பியே எழுத்துக் கூட்டப் பழகினேன்.

சென்ற மாதம் செவிலிமேட்டில் தம்பி கட்டிய புதுவீட்டுக்குப் போனேன். அம்மாவின் புத்தக அலமாரியில் செருப்புகள்.

"புக்கெல்லாம் எங்கடா?"

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன்கா. அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியலியே. தூசி சேர்ந்துக்கினு இருந்துச்சு."

"எனக்குத் தெரியுதுடா! நான் படிச்சுக் காட்ட மாட்டனா?"

"வருஷத்துக்கு ரெண்டு தபா வர்றே. பேச வந்துட்டே."

"நான்தான் போடச் சொன்னேன், விடுடி" என்று அம்மா அவனுக்காகப் பொய் சொன்னாள்.

பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். எல்லாம் லாரியில் போய்விட்டன. அட்டை கிழிந்த ஒரு நாவல் மட்டும் மூலையில் கிடந்தது. அதை எடுத்துவந்து அம்மா அருகில் அமர்ந்து, தம்பி காதில் விழட்டுமென்று கத்திப் படித்தேன்.

"மெதுவா படிடி. கதை எங்க ஓடியா போவுது?"

பக்கம் முடிந்து நிறுத்தினேன். மடியில் சும்மா கிடந்தன அம்மாவின் கைகள். தலையை அசைத்தாள். திருப்பினேன்.

தம்பியை இன்னும் மன்னிக்கவில்லை. ஞாயிறுதோறும் போகிறேன், அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ப் படிக்கிறேன்.