ரொட்டி வரிசைக்கு ஒரு பேனர்

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றின் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கையில் போன். போர் நடக்கும் தூர தேசமொன்றில், ரொட்டிக்கடை வரிசையில் நின்ற ஜனங்களுக்கு நடுவே தீவிரவாதிகள் குண்டு வைத்திருந்தார்கள். குழந்தைகளும் செத்திருந்தார்கள். பஸ்ஸில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் முதலில் என்ன செய்வோம்? பேனர் வைப்போம். நேராகப் பெரம்பலூர் பிளக்ஸ் கடையில் இறங்கிவிட்டேன்.

"செத்தவங்க போட்டோ குடுங்க" என்றார் டிசைன் போடுகிறவர்.

"போட்டோ இல்லைங்க. யாருன்னே தெரியாது."

"போட்டோ இல்லாம கண்ணீர் அஞ்சலி அடிச்சா காலி மனை மாதிரி இருக்கும் சார்."

காலி மனையை நிரப்ப என் நண்பர்கள் ஏழு பேரும் படம் அனுப்பினார்கள். ஆறு பேர் கூலிங் கிளாஸில். நான் போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் படம். குண்டு வெடித்த நகரத்தின் பெயரை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டு, பெருமையோடு குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால் எதிர்வீட்டு வாசலில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் வெளிநாட்டில் டைல்ஸ் ஒட்டும் வேலை பார்ப்பது எனக்கும் தெரியும். எந்த நகரத்தில் என்பதுதான் தெரியாது. ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த நகரத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பேனரில் நகரத்தின் பெயரைப் பார்த்தார்கள், துக்கம் கேட்க வந்துவிட்டார்கள்.

அக்கா போனைக் கையில் பிடித்தபடி நடுவீட்டில் நின்றிருந்தார். வாரா வாரம் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறவர், எட்டரை ஆகியும் கூப்பிடவில்லை. அக்கா கூப்பிட்டாலும் லைன் போகவில்லை. இடையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் சொந்தக்காரர்கள்.

"கீழப்பழுவூர் சித்தப்பா, வச்சிருங்க. அவரு கூப்புடுவாரு... எப்ப எடுக்கறதா? எதை எடுக்கறது? வைங்க சித்தப்பா!"

வைத்த கையோடு விக்கிரமங்கலம் பெரியம்மா.

இதற்குள் வீட்டுக்காரரின் பங்காளி, அக்காவுக்கு மாமா முறை ஆகிறவர், மாலையோடு உள்ளே வந்தார். மாட்டுவதற்குப் படம் தேடினார். சுவரில் இருந்தது கல்யாண போட்டோ ஒன்றுதான். அதற்கே போட்டுவிட்டார்.

"மாமா, அதுல நானும் இருக்கேன்!" என்று அக்கா கத்தினார்.

"ஒனக்கு நல்லா இருக்கணும்னுதாம்மா போட்டேன்" என்றார் மாமா, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்.

அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. "தம்பி, ஒனக்கு நெசமா ஏதாச்சும் தெரியுமா? தெரிஞ்சா சொல்லிடு."

தெரியாது என்று தலையாட்டினேன். பிறகு நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன்: "எல்லாரும் போன் பண்றத நிறுத்துங்க! உங்க சொந்தக்காரங்களையும் நிறுத்தச் சொல்லுங்க! லைன் ஃப்ரீயானாத்தான் அவரு கூப்புட முடியும்!"

அதைச் சொல்வதற்கே எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டார்கள். அப்புறம் ஒரு வழியாக அமைதி. ஒன்பது மணிக்கு அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒரு மணி நேரமா யார்கிட்டடி பேசிக்கிட்டிருக்க?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா சத்தமில்லாமல் மாலையைக் கழற்றினார்.

அக்காவின் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருந்தார். ராத்திரியெல்லாம் அங்கே டவர் இல்லையாம். அவர் குரல் சட்டென்று உடைந்தது. "அந்தக் கடையிலதான் டெய்லி ரொட்டி வாங்குவேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கும். அந்தப் புள்ள என் சட்டைப் பட்டனப் புடிச்சி இழுக்கும். ரெண்டு பேரும் இல்லை."

இரண்டு நாளாக அஞ்சலி அஞ்சலி என்று அலைந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"வந்துருங்க" என்றார் அக்கா.

"பாஸ்போர்ட் மொதலாளிகிட்ட இருக்கு. கேட்டா, சண்டை முடியட்டுங்கறான்."

போன் கட்டானதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இஞ்சினியரிங் படித்த என்னைப் பார்த்தார். "இஞ்சினியரு, அவர ஊருக்கு வரவைக்க மனு எழுதத் தெரியுமா?"

நாளைக்குத் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். காலையில் முதல் பஸ்ஸில் நானும் அக்காவும் பெரம்பலூர் போகிறோம். மனுவில் முதல் வரி எழுதிவிட்டேன்: "என் கணவர் உயிருடன் இருக்கிறார்." இரண்டாவது வரிக்குத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.