மூன்றாம் மாடிக்குப் போன கேன்

தண்ணிக்காரர் மத்தியானம் சாப்பிட உட்காரும் முன் பின்னறையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் வைத்திருந்த கேன் அங்கே இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பழைய செருப்பு ஒன்றுதான் கையில் வந்தது.

"இங்க ஒரு கேன் இருந்துச்சே?" என்றார்.

மனைவி தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "அதுவா, ஏத்த மறந்துட்டீங்கன்னு காலையில நான்தான் வண்டியில வெச்சேன். நடுவுல ஒரு இடம் காலியா இருந்துச்சு, சொருகிட்டேன். நான் ஒருத்தி இல்லேன்னா உங்க பொழப்பு ஊர் சிரிச்சிடும்" என்றாள்.

அந்தக் கேனில் இருந்தது தண்ணீர் இல்லை. இருபது லிட்டர் டீசல்.

காலையில் அவர் நாற்பத்திரண்டு வீடுகளுக்குக் கேன் போட்டிருந்தார். அதில் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையில் அது இப்போது உட்கார்ந்திருக்கிறது.

பதினாலு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. அதற்கு முன்னால் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினார். கிடங்கை மூடியதும் கைக்கு வந்த காசில் பழைய லோடு ஆட்டோ ஒன்றை வாங்கி, தண்ணீர் கேன் போட ஆரம்பித்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் ஒருத்தருக்கும் அவரை அடையாளம் தெரியாது. தோளில் கேன் இருந்தால் நாய்கூட வாலை ஆட்டும். படி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம் என்பார். ஆனால் தன்னால் ஒரு வீட்டில் ஒருத்தருக்கு ஒரு நாள் வயிறு சரியில்லாமல் போனது கிடையாது என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

கடந்த ஒரு மாதத்தில் மட்டும் டீசல் விலை நாலு தரம் ஏறியிருந்தது. கேனுக்குக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டுப் பார்த்தார். நாலு வீட்டில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கப் போய்விட்டார்கள். டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடு என்றான் ஒருத்தன். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டு என்றான் இன்னொருத்தன். ஓட்டுநர் சங்கம் கூடி, வெள்ளிக்கிழமை ஒரு நாள் எவனும் ஒரு சொட்டு வாங்கக் கூடாது, அப்போதுதான் நம் கோபம் மேலே தெரியும் என்று முடிவு செய்தது. விரதத்துக்கு முந்தின நாள் வயிறு முட்டத் தின்கிற கதையாக, வியாழக்கிழமை பெட்ரோல் பங்கில் வரிசை இரட்டையாக நின்றது. தண்ணிக்காரரும் அதில் நின்றார்.

இந்த வாரக் கடைசியில் மறுபடி ஏறப் போகிறது என்று செய்தி வந்ததும், அவர் தன் வழியில் ஒரு வேலை செய்தார். நேற்று சாயங்காலம் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் டியூப் போட்டு உறிஞ்சி, ஒரு காலிக் கேனில் இறக்கினார். திரும்பப் போய் வரிசையில் நின்று டேங்கை மறுபடி நிரப்பினார். கேனின் வாயில் பாலிதீனைக் கட்டி, மேலே மூடியை அழுத்தி, அசல் தண்ணீர் கேன் மாதிரியே வைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. தீப்பெட்டியையே தகர டப்பாவில் பூட்டி வைக்கிறவள் அவள். சொல்லியிருந்தால் கேனோடு அவரையும் வெளியே வைத்திருப்பாள்.

இப்போது சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எந்த வீடு?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு காலை நடையை முதலிலிருந்து நடந்து பார்த்தார். தையல்கடை, மருந்துக்கடை மாடி, பல் வைத்தியர் வீடு. எல்லாக் கேனும் ஒரே நீலம். கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. மூக்கை நம்பிப் பயனில்லை. வண்டியிலேயே கிடந்து டீசல் வாடைக்கு மட்டும் அது எப்போதோ செத்துவிட்டது. கடைசியில் சொன்னது தோள்தான். மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறும்போது, இன்றைக்கு உடம்பு என்ன பஞ்சு மாதிரி இருக்கிறது, மூச்சே வாங்கவில்லையே என்று அவர் தனக்குள் மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்தது. உடம்பு அப்படியேதான் இருந்தது. கேன்தான் லேசாக இருந்திருக்கிறது. டீசல் தண்ணீரைவிட எடை குறைவு.

"டாக்ஸிக்காரன் வீடு" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் பிறந்து நாற்பது நாள் ஆன பிள்ளை இருந்தது. பிள்ளைக்குப் பால் பாட்டில் கழுவவும், தாய்க்குக் குடிக்கவும் அங்கே நாள் முழுக்க அடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டே இருக்கும்.

போன் போட்டார். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். ஆறு தரம் போட்டும் எடுக்கவில்லை. போனை மனைவியிடம் கொடுத்து, விடாமல் அடி என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பங்கு இருக்கும் முக்கில் வண்டி நின்றது. வரிசை இரண்டு பக்கமும் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஸ்கூட்டர், கார், லாரி, கையில் டப்பாவோடு ஆட்கள். அவர் ஹாரனை அழுத்தினார். முன்னால் நின்றவன் திரும்பி, "வரிசையில வாய்யா. நாங்கெல்லாம் வேலை வெட்டி இல்லாமலா நிக்கிறோம்?" என்றான். நேற்று இதே இடத்தில் அவரும் ஒருத்தனை அப்படித்தான் கேட்டிருந்தார். விளக்கம் சொல்ல நேரமில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். மத்தியான நடைக்கு வைத்திருந்த ஆறு கேனும் வண்டியிலேயே இருந்தன. செருப்பு வார் அறுந்தது. அதையும் விட்டார்.

அந்தக் கட்டடத்தின் கீழே நின்று மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். புகை இல்லை. அதனால் மனசு அடங்கிவிடவில்லை. இன்னும் பற்ற வைக்காமல் இருக்கலாம், இந்த நிமிஷம் பற்ற வைக்கலாம். படிகளை இரண்டிரண்டாக ஏறிக் கதவைத் தட்டினார்.

டாக்ஸிக்காரன்தான் திறந்தான். தலை ஈரமாக இருந்தது. சோப்பு மணந்தது. இந்த நேரத்துக்கு எங்கே இப்படி என்று சிரித்துக்கொண்டே விசாரித்தான்.

"காலையில போட்ட கேன் எங்க?"

தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, பானையில் ஊற்றியாகிவிட்டது என்று சொல்லி, கதவோரம் இருந்த காலிக் கேனைக் காட்டினான்.

தண்ணிக்காரருக்கு ஒரு கணம் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அடுத்த கணம் முன்னைவிடப் பெரிசாக ஏறியது. இங்கே இல்லையென்றால் அது வேறு வீட்டில் இருக்கிறது. தோள் பொய் சொல்லிவிட்டதா? படியிறங்கத் திரும்பியவர், மறுபடி அந்தக் கேனைப் பார்த்தார். அதன் கழுத்தில் சோப்பு நுரை இன்னும் காயாமல் இருந்தது. பதினாலு வருஷத்தில் ஒரு வீட்டிலும் காலிக் கேனைக் கழுவிக் கொடுத்ததில்லை.

அவர் சண்டைக்குப் போகவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, அதை நீயே வெச்சுக்கோ. எனக்கு ஒரு சொட்டு வேணாம். யாரும் குடிக்கல, அடுப்புல வைக்கலன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா நான் இன்னும் நாப்பத்தோரு வீட்டுப் படி ஏறணும்."

பதில் உள்ளேயிருந்து வந்தது. தோளில் பிள்ளையைப் போட்டுத் தட்டிக்கொண்டே அவன் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"நாங்க குடிக்கலண்ணே. மூடியைத் திறந்ததுமே குப்புன்னு அடிச்சுது. உங்ககிட்ட சொல்லிடலாம்னு நான் அப்பவே சொன்னேன். இவர்தான் போனை எடுக்க விடல."

"மூணு நாளா டீசல் இல்லாம வண்டி வாசல்லயே கிடக்குதுண்ணே," என்றான் அவன். "கடவுளே கொண்டாந்து வெச்ச மாதிரி இருந்துச்சு. கார்ல ஊத்திட்டேன்."

தண்ணிக்காரர் படியில் உட்கார்ந்தார். தான் அடித்த ஆறு போனையும் இவன் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். அங்கே ஒருத்தன் உயிர் போய் உயிர் வர ஓடிவருகிறான், இங்கே இவன் கேனுக்குச் சோப்புப் போட்டிருக்கிறான். கோபம் வர வேண்டும். அதற்கு முன்னால், இவன் இடத்தில் நான் இருந்திருந்தால் போனை எடுத்திருப்பேனா என்று ஒரு கேள்வி வந்து நின்றது. எடுத்திருப்பேன் என்று சட்டென்று அவரால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது.

அவனுடைய போனை வாங்கி மனைவியைக் கூப்பிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று டாக்ஸிக்காரன் கெஞ்சினான்.

"நான் எங்க போய்ச் சொல்ல? சொன்னா டீசலைப் பதுக்குனதுக்கு முதல்ல என்னையத்தான் உள்ள வைப்பாங்க."

எழுந்து போகப் பார்த்தவரை அந்தப் பெண் நிறுத்தினாள். காலையிலிருந்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டில் வாங்கின ஒரு சொம்புதான் இதுவரை ஓடுகிறது என்றாள். சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வண்டி முக்கில் மாட்டிக் கிடக்கிறது, நடந்து போய்த்தான் எடுத்து வர வேண்டும் என்றார் தண்ணிக்காரர்.

"என் கார்ல போயிட்டு வந்துடலாம்ணே" என்றான் டாக்ஸிக்காரன்.

"எந்த டீசல்ல?" என்றார்.

அவன் பின்னாலேயே நடந்தான்.

திரும்பி வரும்போது கேனைத் தான் தூக்குவதாக அவன் எவ்வளவோ கேட்டான். அவர் கொடுக்கவில்லை. ஒரு காலில் செருப்பில்லாமல் மூன்று மாடியும் ஏறி, கேனை அந்தப் பெண்ணின் முன்னால் இறக்கினார். மூடியின் உறையை அவளுக்குத் தெரியக் கிழித்தார். ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, அதில் சாய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அதை ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு உடனே போகவில்லை. தன் வயிறு என்ன சொல்கிறது என்று கேட்கிற மாதிரி, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இப்ப அடுப்புல வைம்மா" என்றார்.