வீட்டில் அடுப்பு பற்றவைக்காத காலை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது, அக்காள்மடத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஐந்தரை மணிக்குள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதனால் நாலு மணிக்கே எழுந்து வீட்டுக்கு இட்லி அவித்து, சட்னி அரைத்து, ஹாட்பாக்ஸில் எடுத்து வைத்துவிட்டுப் போவேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். இன்று காலையில் கடலுக்குப் போனால் நாளைக் காலையில்தான் கரை. வந்ததும் அவருக்குச் சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும்.

நான் மட்டும் காலையில் சாப்பிடுவதில்லை. வீட்டில் ஒரு அடுப்பு, பள்ளிக்கூடத்தில் ஒரு அடுப்பு, இரண்டின் ஆவியும் முகத்தில் அடித்த பிறகு சாப்பாட்டைப் பார்த்தாலே வயிறு மூடிக்கொள்ளும். ஒரு டீ குடிப்பேன். அப்படியே இரண்டு வருடம் போனது.

ஒரு புதன்கிழமை அண்டாவில் சேமியா கிண்டிக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் விழுந்தது தெரியவில்லை. என்னோடு சமைக்கிற பெண்தான் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் அடித்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் அவளே என்னை ஆட்டோவில் ஏற்றி சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கிருந்த நர்ஸ் பிரஷர் பார்த்தார், விரலில் குத்தி சுகர் பார்த்தார். இரண்டுமே குறைவு.

"காலையில என்ன சாப்பிட்டீக?"

"டீ."

"இத்தனை பிள்ளைகளுக்குச் சமைக்கிறீக, ஒரு வாய் அள்ளிப் போட்டுக்க முடியலையாக்கும்?"

"ஆவி பட்டுப் பட்டு, அதத் திங்கத் தோணலம்மா."

"அப்ப ஆவி இல்லாததத் தின்னுங்க. தயிர் இருக்கும்ல? ரெண்டு பழத்த வெட்டிப் போட்டுச் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துத் தள்ளுவண்டியில் வாழைப்பழமும் ஒரு பப்பாளியும் வாங்கினேன். பால் காய்ச்சி உறை ஊற்றினேன். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் தயிர் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால், உறைந்ததுமே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் நாலே முக்காலுக்குத்தான் எழுந்தேன். கிண்ணத்தில் தயிர், நறுக்கிய பழம், மேலே கொஞ்சம் கருப்பட்டித் தூள், பாக்கெட்டில் இருந்த வறுத்த கடலை ஒரு கை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காலையில் உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அவருக்கும் அதேபோலக் கலந்து ஒரு டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, போனில் சொன்னேன். அலைச் சத்தத்தில் என்ன கேட்டதோ, "சரி" என்றார்.

ஒன்பதரைக்கு நான் திரும்பி வந்தபோது டப்பா திறந்தபடி இருந்தது. ஒரு கரண்டிதான் குறைந்திருந்தது. அவர் பாயில் படுத்திருந்தார், தூங்கவில்லை.

"என்ன புள்ள இது?"

"தயிரும் பழமும். இனிமே காலையில வீட்ல அடுப்பு பத்தவைக்க என்னால ஏலாது."

"கடல்ல, போட்டுலயே மீன் கொழம்பு தின்னுட்டு வாரேன். மீன் தின்ன வயித்துல தயிர ஊத்தச் சொல்லுற. அதுவும் கசக்குது."

அவர் குரலை உயர்த்தவில்லை. வலைக்கயிறு இழுத்து உள்ளங்கை சிவந்து கிடந்தது. எனக்குக் கால் இரண்டும் கடுத்தன. சண்டை போட இரண்டு பேருக்குமே தெம்பில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி ஊறவைக்கப் போனேன்.

அதற்குப் பிறகு கரைக்கு வரும் நாட்களில் அவர் டீக்கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். நானும் பிடிவாதமாக டப்பாவை வைத்துக்கொண்டே இருந்தேன். கசக்கிறது என்பதெல்லாம் சாக்கு, இட்லி இல்லாத கோபம்தான் என்று நினைத்தேன். வீட்டில் அவசியம் பேசிக்கொள்ள வேண்டியவற்றைக்கூடப் பேசாமல் இருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பசித்தது. அவர் தொடாத டப்பாவை எடுத்து ஒரு வாய் போட்டேன். தயிர் நீர்விட்டிருந்தது. நிஜமாகவே கசந்தது. நான் தினமும் அப்போதைக்கு அப்போது கலந்து சாப்பிட்டதால் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மறுநாள் கூடச் சமைக்கிறவளிடம் சொன்னேன்.

"பப்பாளியத் தயிருல ஊறப்போட்டா கசக்கத்தானக்கா செய்யும்" என்றாள், சாம்பாரைக் கலக்கிக்கொண்டே.

அன்று மத்தியானம் அவர் வலை பின்னிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னது சரிதான். கசக்கத்தான் செய்யுது."

அவர் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொன்னேன்."

"நான் மயங்கி விழுந்தத ஒங்ககிட்ட சொல்லல" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அதற்கும் அலுப்பாக இருந்தது.

அவர் ஊசியையும் வலையையும் கீழே வைத்தார். பிறகு, "கடல்ல மீன் திங்காம வாரேன். தயிருல உப்புப் போட்டு, வெங்காயமும் பச்சமிளகாயும் வெட்டிப் போட்டா எனக்கு எறங்கும். பழத்தத் தனியாத் தின்னுக்கிறேன்" என்றார்.

"வெட்டுறது நீங்கதான்."

"சரி. அருவாமணை எங்கன இருக்கு?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். சிரித்துவிட்டேன்.

இப்போது பழம் ஒரு டப்பாவிலும் தயிர் ஒரு டப்பாவிலும் இருக்கின்றன. அவர் வெட்டும் வெங்காயம் கட்டைவிரல் பருமன் இருக்கும். வெட்டிய இடத்தை நான்தான் துடைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து இட்லி அவிக்கிறேன், அவர் கேட்பதில்லை, நானாகத்தான். அலுப்பு ஒன்றும் போய்விடவில்லை. பள்ளிக்கூடத்து அண்டா அதே கனம்தான், முட்டி வலியும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கண் இருட்டுவதில்லை, முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறேன்.