பாதி புரிந்த பேச்சு

எவரில்டாவை ஓரினோகோ ஆற்றங்கரையிலிருந்த அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கத்தான் எடுத்தார்கள். பேசுவதற்கு எடுக்கவில்லை. சேர்ந்த இரண்டாம் வாரம், சிப்பாப்போ ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த பியாரோவாப் பழங்குடிக்காரர் ஒருவர் சீழ்பிடித்த காலைத் தொடவிடாமல் டாக்டரைத் தள்ளிவிட்டார். வாளியோடு அந்த வழியாகப் போனவள் நின்று தன் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் காலை நீட்டினார். அன்று பிடித்த பேச்சு மாற்றும் வேலை பதினோரு வருஷமாக அவளை விடவில்லை.

அவளும் சிப்பாப்போக்காரிதான். ஏழு வயதில் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் சேர்க்கப்பட்டு, டாக்டர்கள் பேசும் ஸ்பானிஷில் ஜெபம் செய்யவும் பொய் சொல்லவும் கற்றுக்கொண்டவள். புருஷன் அன்செல்மோ தங்கம் தோண்டப் போகிறேன் என்று மேலாற்றுக்குப் போனான். முதல் வருஷம் ஆள் மூலம் சேதி வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. ஓரினோகோ கரையோரம் தகரக் கூரை போட்ட ஓர் அறையும், ஆஸ்பத்திரியும்தான் அவளுக்கு எல்லாம்.

வரிசையில் உட்கார்ந்திருக்கும் பியாரோவாப் பெண்கள் அவளைச் சீண்டுவார்கள்.

"ஏண்டி எவரில்டா, டாக்டரு அத்தன நேரம் பேசினாரு, நீ ஒரே வார்த்தையில முடிச்சிட்ட. மிச்சத்த நீயே வச்சிக்கிட்டியா?"

"மிச்சமெல்லாம் கையக் கழுவு, கையக் கழுவுன்னுதான். உன் கையப் பாத்தா அவரு சொன்னது நியாயம்தான்."

சிரிப்பாகப் போகும் நாட்கள் அவை. மாக்கோக்காரர்கள் வந்தால்தான் அவளுக்கு உள்ளூர உதறும். அவர்கள் வெந்துவாரி ஆற்றுச் சனங்கள். அவர்கள் பாஷை பியாரோவாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. தூரத்தில் பார்த்தால் அதே முகஜாடை, கிட்டே போனால் வேறு ஆள். மாக்கோ ஆண்கள் பலருக்குப் பியாரோவா தெரியும், பேச்சை மாற்றிக்கொள்வார்கள். பெண்களுக்கு அது அவ்வளவாக வராது.

அந்த வருஷம் கிராம சேவைக்கு வந்திருந்த இளம் டாக்டர் உர்தனேத்தாவிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தாள்.

"டாக்டர், அது வேற பாஷை."

"உங்களுக்கு எவ்வளவு புரியும்?"

"பாதி. பாதிக்கு மேலயே புரியும்னு வச்சுக்குங்க."

"எனக்கு ஒண்ணுமே புரியாதே. பாதி போதும், வாங்க."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. தன்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு டாக்டர் சொல்வது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கோடையில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். லியோனோர் என்ற மாக்கோப் பெண் மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். மேலாற்றில் துப்பாக்கியோடு வந்த சுரங்கக்காரர்களுக்குப் பயந்து பட்டணத்து ஓரத்தில் வந்து தங்கிய நாலைந்து குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. கசப்பு மரவள்ளியைத் துருவிப் பிழிந்து ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்தார்கள். குழந்தை சுலாய்க்கு மூச்சு முட்டியது. வாந்தி நிற்கவில்லை. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

"என்ன சாப்பிட்டா, என்ன குடிச்சா, சீக்கிரம் கேளுங்க" என்றார் டாக்டர்.

எவரில்டா கேட்டாள். லியோனோர் அழுகையினூடே சொன்னாள். மரவள்ளி என்பது புரிந்தது. தண்ணீர், குடித்தாள், கொதி, இவையும் புரிந்தன. கொதி என்ற சொல்லுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. எவரில்டாவின் பாஷையிலும் 'இல்லை' என்பது சொல்லின் வாலில்தான் வரும், ஆனால் வேறு ஓசையில் வரும். தன் பாஷையின் ஓசைக்குக் காது கொடுத்து நின்றாள். அது வரவில்லை. அப்படியென்றால் கொதிக்க வைத்ததுதான் என்று எடுத்துக்கொண்டாள். காய்ச்சிய மரவள்ளி நீர் எல்லா வீட்டிலும் பானையில் கிடப்பது. பிள்ளைகள் நாள் முழுக்கக் குடிப்பார்கள். பச்சைச் சாறுதான் விஷம்.

லியோனோர் அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கி மறுபடியும் அதையே சொன்னாள்.

"சரி தங்கச்சி, புரியுது, புரியுது" என்று எவரில்டா தலையை ஆட்டினாள். மூன்றாம் முறையும் ஆட்டினாள்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "எப்பவும் குடிக்கிற மரவள்ளித் தண்ணிதான் டாக்டர். கொதிக்க வச்சது. வேற ஒண்ணுமில்ல."

"அப்ப மலேரியா மூளைக்கு ஏறியிருக்கு" என்றார் அவர். அந்த மாதம் அப்படி ஐந்து குழந்தைகளைப் பார்த்திருந்தார். ஊசி போட்டார். ரத்தம் எடுத்து அனுப்பினார்.

குழந்தையின் வாந்தியைத் துடைத்ததும் எவரில்டாதான். அதில் அரிசி கழுவிய நீர் மாதிரி, பச்சைச் சாற்றுக்கே உள்ள ஒரு வெளுப்பு இருந்தது. துணியை வாளியில் பிழிந்து கொண்டுபோய்க் கொட்டினாள். கண்ணில் பட்டது புத்திக்குப் போகவில்லை. ரத்தத்தில் மலேரியா இல்லை என்று சீட்டு வந்தபோது சுலாய் இல்லை. அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

மீன் பிடிக்கப் போயிருந்த தகப்பன் எலியாசர் பிற்பகலில் வந்தான். அவனுக்குப் பியாரோவா நன்றாக வரும். பெண்டாட்டியோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு எவரில்டாவிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"நீதான கேட்டுச் சொன்ன?"

"நான்தான்."

"பிழிஞ்ச சாறு கீழ பானையில இருந்துச்சு. அடுப்புல ஏத்தல. அவ அந்தப் பக்கம் திரும்பின நேரம் புள்ள அள்ளிக் குடிச்சிருச்சு. கொதிக்கல, கொதிக்கலன்னு மூணு தரம் சொன்னாளாம். நீ தலைய ஆட்டினியாம்."

எவரில்டா வாளியைக் கீழே வைத்தாள்.

"புரியலன்னா புரியலன்னு சொல்லலாமில்ல?" என்று கேட்டான். அது திட்டு இல்லை. அவனுக்கு நிஜமாகவே பதில் தெரியவேண்டியிருந்தது.

அவள் நேராக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மலேரியா இல்லை என்ற சீட்டை மடித்து மேஜைக்குள் வைத்தார்.

"தெரிஞ்சிருந்தாலும் அதுக்கு மருந்து இங்க இல்ல, எவரில்டா. மனசப் போட்டு வதைக்காதீங்க."

அதையே பிடித்துக்கொண்டு அவள் பிழைத்திருப்பாள். ஆனால் மறுவாரம் மருந்து அறையைத் துடைக்கும்போது அந்த விஷத்துக்கு மருந்து இருக்கிறதா என்று நர்ஸ் பெத்ராவிடம் கேட்டுவிட்டாள்.

"இருக்கு அக்கா, ரெண்டு குப்பி. தேதி போயிருச்சு, அதான் கணக்குல காட்டறதில்ல" என்றாள் பெத்ரா. கொஞ்சம் யோசித்து, "தேதி போன மருந்தத்தான் இங்க பாதி பேருக்குப் போடறோம்" என்றும் சொன்னாள்.

அந்த இரண்டு குப்பியால் குழந்தை பிழைத்திருக்குமா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. டாக்டர் உர்தனேத்தா வருஷம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.

எவரில்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாக்கோக் குடிசைகளுக்குப் போனாள். லியோனோர் மரவள்ளி துருவிக்கொண்டிருந்தாள். எலியாசர் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுத்தான்.

"உங்க பேச்ச எனக்குக் கத்துக் குடுக்கச் சொல்லு. இனி வர்றவங்களுக்காவது ஆகும்."

லியோனோர் கையை நிறுத்தாமல் ஏதோ சொன்னாள். எலியாசர் கீழே பார்த்தபடி சொன்னான்: "இனி வர்றதுக்கு அவளுக்கு யாரும் இல்லையாம்."

அதன்பின் மாக்கோக்காரர்கள் வந்தால் எவரில்டா ஒரே பதில்தான் சொன்னாள். "எனக்குத் தெரியாது, டாக்டர்." புது டாக்டர்களுக்கு எரிச்சல் வந்தது. திமிர் என்றார்கள். வெந்துவாரியிலிருந்து வந்த ஒரு முதியவர் நாலு நாள் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். எவரில்டா அவர் படுக்கையைத் தாண்டித் துடைத்துக்கொண்டு போனாள். ஐந்தாம் நாள் அவர் செத்துப்போனார். என்ன கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. பேசினால் ஒரு சாவு, பேசாவிட்டால் ஒரு சாவு என்று அவள் பெத்ராவிடம் சொன்னாள்.

மழைக்காலத்தில் லியோனோரே வந்து படுத்தாள். வயிற்றில் ஏதோ நோவு. எலியாசர் அதற்குள் சுரங்கத்துக்குப் போயிருந்தான், போன இடம் தெரியவில்லை. எவரில்டாவைக் கண்டதும் லியோனோர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க வலிக்குதுன்னாவது கேளுங்க" என்றார் புது டாக்டர்.

எவரில்டா கிட்டே போய்க் குனிந்தாள். தெரிந்த நாலு மாக்கோச் சொல்லைக் கோத்துக் கேட்டாள். லியோனோர் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை, டாக்டரிடமும் இல்லை, பெத்ராவிடமும் இல்லை. சீட்டில் மொழி என்ற இடத்தில் 'பழங்குடி' என்று எழுதி, நோய் என்ற இடத்தை வெறுமையாக விட்டார்கள்.

நாலாம் நாள் காலை படுக்கை காலியாக இருந்தது. எவரில்டா வாசலுக்கு ஓடினாள். தூறலில், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லியோனோர் படகுத்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். எவரில்டா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. படகு மேலாற்றுக்குப் போனது என்றுதான் துறையில் சொன்னார்கள். அப்புறம் அவளைப் பார்த்தவர்கள் இல்லை.