பெரியப்பா இன்ஜினுக்குச் சத்தம் வைத்த செலவு

உங்கள் பெரியப்பாவின் அலமாரியில் நிற்கிற தகர இன்ஜினின் வயிற்றில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது. அதில் பழைய கட்டம்போட்ட லுங்கித் துணி அடைத்திருக்கிறது. போன வாரம் சின்னவன் அதைப் பிடித்து இழுத்தபோது பெரியப்பா அவன் கையில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டார். கடையில் கூவிக்கொண்டு ஓடுகிற ரயில் பொம்மை விற்கிறதே, இதற்கும் அப்படிச் சத்தம் வைக்க எவ்வளவு செலவாகும் என்றுதானே கேட்டான், அதற்கா அடி என்று பெரியவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். செலவைச் சொல்கிறேன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் நீங்கள், மெதுவாகப் படியுங்கள்.

அந்த இன்ஜின் என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, பால் டப்பாக்களை வெட்டிச் செய்தது. ஓட ஒரு சின்ன மோட்டார் வைத்தாகிவிட்டது. ஆனால் சத்தமில்லாமல் ஓடுகிற இன்ஜினைப் பார்க்க அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளைக் கொடுத்து ஒரு டேப் ரெக்கார்டரை மாற்றிக்கொண்டார். இன்சீன் ரயில் நிலையத்தில் நின்று நிஜ நீராவி இன்ஜினின் சத்தத்தைப் பிடித்துவந்தார். பிறகு வீட்டு ரேடியோவைத் திறந்து ஸ்பீக்கரைக் கழற்றி இன்ஜினின் வயிற்றில் வைத்து, நீளமான ஒயரால் டேப் ரெக்கார்டரோடு இணைத்தார். “ஊரே செய்தி கேக்கத் தவிக்குது. நீங்க ரேடியோவ ஊமையாக்கிட்டு தகர டப்பாவுக்கு வாய் வைக்கிறீங்களா?” என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

அது எண்பத்தெட்டு. ஊர்வலம் போனவர்களைப் பட்டாளம் சுட்டதற்குப் பிறகு யாங்கோனில் பேட்டைக்காரர்களே தெருவுக்குத் தெரு மூங்கில் தடுப்பு கட்டி, வாளும் ஈட்டியுமாகக் காவல் நின்றார்கள். வேலைநிறுத்தத்தில் ரயில்கள் ஓடவில்லை; அண்ணன் சத்தம் பிடித்துவந்தது அதற்கு முன்பு. விசில் கேட்டால் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று அர்த்தம். உடனே வீட்டுக்கு வீடு தகரத்தைத் தட்டவேண்டும். இது தெரியாதவர் அல்ல அண்ணன். ஆனாலும் ஒயரை இணைத்த சந்தோஷத்தில், அந்தி நேரத்தில், டேப்பை முழுச் சத்தத்தில் திருப்பிவிட்டார். இன்ஜின் ஒரு கூவல் கூவியது.

எதிர்வீட்டில் தகரம் தட்டினார்கள். அடுத்த வீட்டில் தட்டினார்கள். ஒரு மூச்சு விடுவதற்குள் பேட்டை முழுக்க மண்டையைப் பிளக்கிற சத்தம். கதவை உடைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். ஒயரையும் ஸ்பீக்கரையும் பார்த்ததும் ஒருவன் கத்தினான்: “டலான்! பட்டாளத்துக்குச் சேதி அனுப்புறான் இந்தக் கலா!” கலா என்பது இந்தியர்களான நம்மை அவர்கள் சொல்கிற பேர். டலான் என்றால் காட்டிக்கொடுப்பவன். அன்றைக்கு அந்தச் சொல் யார்மேல் விழுந்ததோ அவன் தலை நிற்காது.

அண்ணனைத் தலைமயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப்போனார்கள். நானும் பின்னால் ஓடினேன். என் கழுத்தில் ஈட்டியை வைத்து நிறுத்தினார்கள். மூங்கில் தடி அண்ணனின் வலது காதில் இறங்கியது. ரத்தம் தோள்வரை வழிந்தது. மண்டியிடவைத்து ஒருவன் வாளை உருவினான். “பொம்மைங்க, ஐயா! விளையாட்டுப் பொம்மை! ஓட்டிக் காட்டுறேன்!” என்று அண்ணன் பர்மியில் கதறினார். “ஓட்டு. ஓடலேன்னா நீ ஓடவேண்டியதில்ல” என்றான் வாள்காரன்.

அண்ணி தன் லுங்கி ஒன்றைக் கிழித்து அவர் காதைக் கட்டினாள். நான் இன்ஜின், டேப் ரெக்கார்டர் எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்தேன். அறுந்துகிடந்த ஒயரை அண்ணன் பல்லால் சீவி முறுக்கினார். ஒயர் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை இன்ஜின் புகைவிடுகிற சத்தத்தோடு புறப்பட்டது. கூவியது. கூடவே டேப்பில் சிக்கிய சோளக்காரியின் குரலும் வந்தது: “அவிச்ச சோளம், சூடா அவிச்ச சோளம்!”

யாரோ ஒருவன் சிரித்தான். “அட, இன்சீன் ஸ்டேஷன்டா! எங்க, எனக்கு ரெண்டு கொடு!” எல்லோரும் சிரித்தார்கள். வாள் உறைக்குள் போனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பெரியப்பா சின்னவனை அடித்திருக்கமாட்டார். தகரச் சத்தம் கேட்டு, பக்கத்துச் சந்தில் தண்ணீர் கேட்டு நின்ற ஒருவன் பயந்து ஓடியிருக்கிறான். ஓடினதாலேயே அவனும் டலான் என்றாகிவிட்டது. சிரித்து முடித்தவர்கள் அங்கேதான் போனார்கள். “நான் தண்ணி கேட்டேன், தண்ணிதான் கேட்டேன்” என்று அவன் கத்தியதை அண்ணன் இடது காதால் கேட்டார். ஓட்டிக் காட்ட அவனிடம் ஒன்றும் இல்லை.

நாங்கள் போனபோது சந்தில் அவன் மட்டும்தான் கிடந்தான். அண்ணன் கிழித்த லுங்கியின் மிச்சத்தை எடுத்து அவன்மேல் போர்த்தினார். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரைக் கழற்றி ரேடியோவிலேயே மாட்டினார். பிறகு காதுக்கட்டை அவிழ்த்து அந்த ஓட்டைக்குள் திணித்தார்.

இன்று சுற்றுரயில் நம் வீட்டுக்குப் பின்னால் கூவிக்கொண்டு போகிறது; நீங்கள் கையசைக்கிறீர்கள். பெரியப்பாவை வலப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. இடப்பக்கம் போய்க் கூப்பிடுங்கள். துணியை மட்டும் இழுக்காதீர்கள்.