இல்லாத வெடிப்பு

லண்டன் ஹரோவில் குடியிருக்கும் மாதவனுக்கு வெடிப்புத் தேடுவதுதான் உத்தியோகம். ரயில் பெட்டிகளின் அச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஏதும் ஓடுகிறதா என்று ஒலி அலைக் கருவியை வைத்துப் பார்ப்பார். இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால் பெட்டி ஓடும். இருக்கிறது என்றால் நின்றுவிடும். யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. இப்படி வருடக்கணக்காக நம்பப்பட்டு வந்ததில் தன் வாக்கைப் பற்றி அவருக்கு ஒரு கர்வம் வந்திருந்தது. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பெரும்பாலும் அது வேலை பழக்கிவிட்ட ஒழுங்குதான்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் உண்டு. ஈஸ்ட் ஹாமில் நகை வாங்கப் போனால் மனைவி ஹம்சினி அவரைத்தான் முன்னால் தள்ளிவிடுவாள். அவர் சங்கிலியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாலிஷ் மங்கலா இருக்கே, கொக்கி வேற ஆடுது" என்பார்.

"அப்ப வேற கடையில பாருங்க சார், நானே கூட்டிட்டுப் போய் விடறேன்" என்று சிரித்தபடி கடைக்காரர் கால்குலேட்டரை எடுப்பார். கொக்கி ஆடவில்லை என்பது இருவருக்கும் தெரியும். விலை குறைந்தபின் டீயும் வரும்.

மாதவனுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் துப்பாக்கி சுடும் கிளப். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனுக்கு வெளியே ஒரு மைதானத்தில் குப்புறப் படுத்து, தூரத்தில் இருக்கும் காகித வட்டத்தைச் சுடுவார். "ஒரு பேப்பரை ஓட்டை போட இவ்ளோ செலவா" என்பாள் ஹம்சினி. தனக்கென்று ஒரு ரைஃபிளைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டவேண்டும் என்பது அவர் ஆசை. போலீஸ் அனுமதி கிடைத்தது. குழல் வந்துவிட்டது. கட்டையைத் தானே இழைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தார். கிடைக்காதது ஆக்‌ஷன் ஒன்றுதான். தோட்டாவை வாங்கிப் பூட்டி வெடிக்கவைக்கும் உருக்கு நடுப்பகுதி அது. சுடுகிறவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பது. புதிதாக வாங்கினால் ஒரு பழைய கார் விலை. பழையதாக வந்தவை அவர் யோசித்து முடிப்பதற்குள் கைமாறிப் போயின.

அப்படியிருக்க, கிளப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. கிளப்பின் பழைய உறுப்பினர் அமிர்தநாதர் காலமாகிவிட்டார். அவருடைய ஆக்‌ஷனை மனைவி றோஸ்மலர் விற்கிறார், வீடு செவன் கிங்ஸில். கேட்ட விலையே நியாயத்துக்குக் கீழே இருந்தது.

மாதவன் முதல் ஆளாகப் போனார். றோஸ்மலர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புப் பெட்டியைத் திறந்து, ஆக்‌ஷனை எடுத்து, மேசைமேல் மடித்த துவாயில் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார்.

"வடிவாப் பாருங்கோ தம்பி. எனக்கு இதிலை ஒண்டும் விளங்காது."

மாதவன் டார்ச் அடித்துப் பார்த்தார். பழுதே இல்லை. இத்தனை நாள் தேடியது இதுதான் என்று உள்ளே குதூகலமாக இருந்தது. சாமான் பிடித்துவிட்டால் முகத்தைச் சுளிக்கவேண்டும் என்பது பழக்கம். முகம் தானாகச் சுளித்தது.

"இங்க ஒரு கோடு தெரியுதே அம்மா. வெடிப்பு மாதிரி இருக்கு." அது கடைசல் இயந்திரம் விட்டுப்போன தடம் என்று அவருக்குத் தெரியும்.

"வெடிப்போ? நிச்சயமோ?"

"ரயில் அச்சுல வெடிப்புப் பாக்கறதுதாம்மா என் தொழில். நான் பாத்தா தப்பாது." டார்ச்சை அணைத்து, "கொஞ்சம் கொறைச்சுக் குடுத்தீங்கன்னா..." என்றார்.

றோஸ்மலர் துவாயின் நாலு மூலையையும் எடுத்து ஆக்‌ஷனை மூடினார்.

"இல்லைத் தம்பி. இனி இதை ஒருத்தருக்கும் குடுக்கேலாது."

"நான் எடுத்துக்கறேன்மா, பரவாயில்ல."

"உங்கடை முகத்திலை வெடிச்சால்? நான் நித்திரை கொள்ளுறேல்லையோ? திங்கக்கிழமை பொலிசிட்டைக் குடுத்து உடைக்கச் சொல்லுறன்." அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் கடைசி வரைக்கும் இதிலை கன்னம் வைச்சுச் சுட்டவர். கர்த்தர்தான் காப்பாத்தினது. நல்ல காலம், நீங்கள் வந்தியள்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் றோஸ்மலர் உள்ளே போய் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பருத்தித்துறை வடை கொண்டுவந்து கையில் வைத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்ட கையோடு பொய்யை ஒப்புக்கொள்ள மாதவனால் முடியவில்லை.

வீட்டில் ஹம்சினி ஒரு வடையைக் கடித்துக்கொண்டே கதையைக் கேட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள்.

"பேரத்துக்காகச் சொன்னேன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா பொய் சொன்னதா ஆயிடுமே."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவர் தனக்கு ஒரு நியாயம் தேடிப் பார்த்தார். நகைக்கடையில் சொல்வது பொய்யாகாதபோது இது எப்படிப் பொய்யாகும்? அங்கே இருவர் விளையாடுகிறார்கள். இந்த அம்மாவுக்கு ஆட்டம் தெரியவில்லை, அவ்வளவுதானே? அந்த நியாயம் சிறிது நேரம்தான் நின்றது. எந்தச் சங்கிலிக்கு முன்னாலும் அவர் தன் தொழிலைச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் அவரை நம்பவேண்டியதில்லை. இங்கே நம்பவைக்க விரும்பினார். கையெழுத்தின் மதிப்பை எடுத்து ஒரு தள்ளுபடிக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கிளப்புக்குப் போகவில்லை. றோஸ்மலர் மாதா கோயில் பூசை முடிந்து வரும் நேரம் பார்த்து செவன் கிங்ஸுக்குப் போனார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று ஹம்சினி டப்பாவில் முறுக்கு நிரப்பிக் கொடுத்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, உட்காராமலேயே சொன்னார்.

"வெடிப்பு இல்லம்மா. விலை குறைக்கறதுக்காகப் பொய் சொன்னேன். அதை உடைக்கக் குடுத்துடாதீங்க."

றோஸ்மலருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று மாதவனுக்குத் தோன்றியது.

"வாய் திறந்து கேட்டிருந்தால் குறைச்சிருப்பனே தம்பி."

மாதவன் டப்பாவைக் கை மாற்றிப் பிடித்தார்.

"சரி, நேற்று வெடிப்பு எண்டியள், இண்டைக்கு இல்லை எண்டுறியள். ரெண்டு நாளும் நீங்கள் வாங்க வந்த ஆள்தானே. எதை நான் நம்புறது?"

"நான் வேணா ஆபீஸ்லேருந்து மெஷின் கொண்டுவந்து, உங்க கண் முன்னாலயே காட்டறேன்."

"அந்த மிசின் சொல்லுறதை வாசிக்கிறதும் நீங்கள்தானே."

 பரிசோதிக்கத் தெரிந்த துப்பாக்கி வியாபாரி ஒருவரின் எண்ணை முதலில் அவரிடமே கேட்டு, பிறகு அதையும் தான் கிளப்பிலேயே விசாரித்துக்கொள்வதாக அந்த அம்மா திருத்திக்கொண்டார். செலவைத் தான் ஏற்பதாக மாதவன் சொன்னதற்கு, "வேண்டாம், பிறகு அதுவும் ஒரு கதையாப் போம்" என்றார்.

"நல்லதெண்டு வந்தால் குறூப்பிலை போடுவிப்பன். மற்ற ஆக்களைப் போல நீங்களும் கேக்கலாம். நான் தடுக்கேல்லை."

டப்பாவை வாங்கி உள்ளே கொண்டுபோனார். முறுக்கை ஒரு தட்டில் கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. வாசல்வரை வந்து, கவனமாகப் போகச் சொன்னார். 'தம்பி' என்று சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, அறிவிப்பு மறுபடி குழுவில் வந்தது. அமிர்தநாதரின் ஆக்‌ஷன், அதே விலை. நிபுணர் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார், வெடிப்பு எதுவும் இல்லை. எதற்காகச் சோதித்தார்கள் என்றோ, யார் சந்தேகம் கிளப்பியது என்றோ அதில் ஒரு வார்த்தையும் இல்லை. காட்டிக்கொடுக்காமல் விட்டிருந்தார் றோஸ்மலர். அது மாதவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும்.

ஹம்சினி அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள். "உங்களுக்கு இதானே வேணும்? கேக்கலையா?"

"என்ன சொல்லிக் கேக்கறது?"

"கேட்ட விலைக்கு எடுத்துக்கறேன்னு."

அவர் தட்டச்சு செய்யத் தொடங்கினார். கிளப்பிலிருந்து கூப்பிட்டுத் தன் பெயரைச் சொன்னதும் அந்த அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசிப்பாரே, அந்தக் கணம் கண்முன் வந்தது. எழுதியதை அழித்தார். அதற்குள் கிளப்பில் யாரோ ஒருவர், பேரம் எதுவும் பேசாமல், தான் எடுத்துக்கொள்வதாக எழுதிவிட்டிருந்தார்.