யார் எடுத்த முடிவு

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் பேராசிரியராக இருந்தேன். ஒரு வியாபாரத்தில் முடிவுகள் எப்படி உருவாகின்றன, யார் எடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. பெரிய கம்பெனிகளின் வாசலில் காத்திருந்து அலுத்துப்போய், கடைசியில் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். பெரிய காஞ்சிபுரத்தில் என் அண்ணனுக்குப் பட்டுக் கடை இருந்தது.

அண்ணனுக்கு ஒரு கூட்டாளி. தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பத்தொன்பது வருஷமாகக் கடையிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எந்தச் சேலைக்கு எந்த பார்டர், எந்தத் தறிக்கு எந்தக் கலர் எல்லாம் பேச்சிலேயே முடியும். ஒருவர் வேண்டும் என்பார், மற்றவர் கூடாது என்பார். குரல் உயரும், காபி வரும், அதற்குள் ஏதோ ஒன்று முடிவாகியிருக்கும். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது எந்த நிமிஷத்தில் முடிவானது என்று பிடிபடவே இல்லை.

அதற்காக ஒரு வழி கண்டுபிடித்தேன். கடையின் பழைய முடிவுகளில் பன்னிரண்டை எடுத்து சைக்ளோஸ்டைல் செய்துகொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘இது யார் எடுத்த முடிவு?’ என்று ஒரு கேள்வி. தனித்தனியாக எழுதித் தரச் சொன்னேன்.

“ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தருக்குக் காட்ட மாட்டேன்” என்றேன்.

கூட்டாளி சிரித்தார். “பரீட்சையா தம்பி? பள்ளிக்கூடத்திலயே உங்க அண்ணனைப் பார்த்துத்தானே எழுதுவேன்.”

மறுவாரம் இருவர் தாளும் வந்துவிட்டன. அண்ணன் வீட்டு மாடியறையில் அவற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடைக்குப் பேர் வாங்கித் தந்தது அரக்கு பார்டர் போட்ட ஒரு மஞ்சள் சேலை. அதற்கு எதிரே இருவரும் ‘நான்’ என்று எழுதியிருந்தார்கள். தாழ்வான அறையில் நூலை அடுக்கி, மழைத்தண்ணீர் புகுந்து பாழானதற்கு இருவரும் ‘அவன்’ என்று எழுதியிருந்தார்கள். நல்லதெல்லாம் நான், கெட்டதெல்லாம் அவன். பன்னிரண்டும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு வருஷம் தேடியது கையில் கிடைத்துவிட்டது.

கீழே இறங்கினேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாடா, மூஞ்சி பிரகாசமா இருக்குது? அவன் இன்னா எழுதினான்?”

“அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணா.”

“என்னைப் பத்தித் தப்பா எழுதிக்கிறானா?”

“அப்படி இல்ல.”

“அப்போ சொல்றதுக்கு இன்னா?”

“சோறு துன்றப்போ இன்னா பேச்சு இது?” என்றார் அண்ணி.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு. “அந்த மஞ்சள் சேலை, தான் யோசிச்சதுன்னு எழுதியிருக்காரு” என்றேன்.

அண்ணனின் கை இலையிலேயே நின்றது. “மீதியையும் சொல்லு” என்றார். சொன்னேன்.

அவர் சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து கூட்டாளி எதைக் கேட்டாலும், “உன் இஷ்டம்பா” என்று சொல்ல ஆரம்பித்தார். கூட்டாளிக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் பாதி வாக்கியத்தில் நின்றுபோவார். ஒருநாள் கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்கள் அந்த மஞ்சள் சேலையைக் கேட்டார்கள். அண்ணன் அவர்களிடம், “அவர்தாம்மா கண்டுபிடிச்சாரு, அவரையே கேளுங்க. நான் சும்மா குந்திக்கினு இருக்கிறவன். நூலை நனைய வெச்சதுதான் நானு” என்றார்.

கூட்டாளி அண்ணனைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த என்னைப் பார்த்தார்.

“காட்ட மாட்டேன்னியே தம்பி?”

“காட்டலண்ணே” என்றேன். அது உண்மைதான்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அதன்பின் கடைக்கு வரவில்லை.

அண்ணன் தனியாக நடத்திப் பார்த்தார். ஆனால் அவருக்கு எதுவும் முடிவாகவில்லை. கலர் கேட்டு வந்த நெசவாளர்கள் மத்தியானம் வரை காத்திருந்து திரும்பினார்கள். என் கல்லூரிக்கு டிரங்க் கால் போட்டு, “பச்சை பார்டரா, அரக்கு பார்டராடா?” என்று கேட்பார். நான் எதையாவது சொல்வேன். “அது நல்லா இருக்காதுடா” என்று ஒருதடவையாவது சொல்ல மாட்டாரா என்று காத்திருப்பேன். “சரி” என்று வைத்துவிடுவார். இரண்டாவது தீபாவளிக்கு முன்பே கடையை மூடிவிட்டார்.

நான் செவிலிமேட்டில் இருந்த கூட்டாளியின் வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். உட்கார வைத்து, காபி கொடுத்தார். வாக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னது என் தப்பு என்றேன்.

“அதை வுடு தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நூலு நனைஞ்சதுக்கு உங்க அண்ணன் இன்னா எழுதினாரு? பழியை என் மேலயா போட்டாரு?”

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “காபி ஆறிப்போவுது, குடி” என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணன் கேட்டார்: “இன்னா சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலண்ணா.”

அவர்கள் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. என் கட்டுரை ஆங்கிலத்தில் வெளியாகி, பாராட்டும் பதவி உயர்வும் வந்தன. அண்ணனிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று அவரும் கேட்கவில்லை.